மீதியெல்லாம் பூஜ்யம்

சாய்நாத்தின் மைத்துனருக்குத் தெரிந்தவர் ஒருவர் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாராம். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இனிமேல் எதையும் முழுசாக எழுதிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, பாதி எழுதினால் போதும், மீதியைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னாராம். இந்தச் சேதி டெல்பினுக்கு ஜானு வழியாக வந்து சேர்ந்தது. ஜானு டெல்பினின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் கம்பைலர் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டே, "உங்களுக்கு இனிமே பாதி வேலைதானாமே மேடம், கம்பைலரே பாத்துக்குமாம், சாய்நாத் சொல்லிண்டிருந்தான்" என்றாள்.

"எதைப் பாத்துக்கும்னான்?"

"எனக்கென்ன தெரியும். மீதியைன்னான்."

முழுத் தப்பான பதிலை டெல்பின் பொறுத்துக்கொள்வாள். பாதி சரியான பதிலைக் கேட்டால்தான் ரத்தக்கொதிப்பு ஏறும். பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் வருடக்கணக்காகச் சி மொழி சொல்லிக்கொடுத்ததில் வந்த வியாதி அது. சாந்தோமில் அவள் பிறந்த வீட்டில் அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், சித்தி டீச்சர், சித்தியைப் பெண் பார்க்க வந்தவரும் வாத்தியார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசினால்கூட யாராவது ஒருவர் யாரையாவது திருத்திக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவை மூடியபோது, மேற்கு மாம்பலத்தில் ஒரு வளையல் கடைக்கு மேலே மாடியில் வேலை கிடைத்தது. லிஃப்ட்டுகளுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்கிற சின்னக் கம்பெனி. லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்று போர்டுக்குச் சொல்லிவைப்பது அவள் வேலை.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஸ்ட்ரக்சர். பல விஷயங்களை ஒரே பெயரில் அடுக்கிவைக்கும் ஏற்பாட்டுக்குச் சி மொழியில் அதுதான் பெயர். பாலிடெக்னிக்கில் அதை அவள் டிபன் கேரியர் என்றுதான் சொல்லிக்கொடுப்பாள். ஐந்தடுக்குக் கேரியர். முதல் இரண்டில் சோறும் குழம்பும் வைத்துக் கொடுத்தால், மீதி மூன்றையும் கம்பைலர் கழுவித் துடைத்துக் காலியாக மூடிவிடும். அதாவது பூஜ்யம் போட்டுவிடும். இது சட்டம், அதை நம்பலாம். ஆனால் ஃபங்ஷன் என்கிற நிரல் துண்டுக்குள்ளே கேரியருக்குப் பெயரை மட்டும் வைத்துவிட்டு ஒரு அடுக்கில்கூட ஒன்றும் வைக்காமல் விட்டால், கம்பைலர் கை வைக்காது. நேற்று யாரோ வைத்துவிட்டுப் போன ரசம் அப்படியே கிடக்கும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பரீட்சையில் மட்டும் மறந்துவிடுவார்கள்.

சாய்நாத் ஒன்றும் படிக்கிற பிள்ளை இல்லை, அவளோடு நிரல் எழுதுகிறவன். வீட்டுக் கடனும் முன்வழுக்கையும் உள்ள மனுஷன். அவன் இடத்துக்குப் போய் நின்று, பெங்களூர்க்காரர் சொன்னது என்ன என்று கேட்டாள். அவன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். போன மாதம் ஸ்ட்ரக்சரின் கடைசியில் புதிதாக ஒரு அடுக்கு சேர்த்தானாம். பழைய போர்டுகளில் லிஃப்ட் கதவு எத்தனை விநாடி திறந்து நிற்க வேண்டும் என்பதை ஒரு திருகாணியைத் திருகி வைப்பார்கள். புது மாடலில் திருகாணி கிடையாது; அந்த நேரமும் நிரலுக்குள்ளேயே வந்துவிட்டது. அலுவலக மேஜைமேல் சோதனைக்கு வைத்திருக்கும் போர்டுக்கு அந்த நேரத்தை எழுதினான். மற்றக் கட்டடங்களுக்கு எழுதவில்லை. எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொன்றாக எழுதத்தான் இருந்தானாம், அதற்குள் மைத்துனர் வீட்டு விசேஷத்தில் இந்தப் பெங்களூர்க்காரரைப் பார்த்து, வேலை மிச்சம் என்று விட்டுவிட்டானாம்.

"ஜீரோதானே மேடம் போடும். குப்பையைப் போடாதே. ஸ்டாண்டர்ட்லயே இருக்கு."

"இருக்கு. நானே சொல்லிக்குடுத்திருக்கேன்."

"அப்புறம் என்ன மேடம்?"

"கதவு எத்தனை விநாடி நிக்கணும்ங்கற எடத்துல ஜீரோ இருந்தா என்ன ஆகும் சாய்நாத்?"

சாய்நாத் நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"நிக்காது" என்றான்.

கம்பைலர் இதையெல்லாம் சொல்லாமல் விடுகிறதா என்றால், கேட்டால் சொல்லும். ஐந்தடுக்குக்கு நாலுதான் வைத்திருக்கிறாய் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரும். வேலை நிற்காது, எச்சரிக்கை மட்டும்தான். அந்த மஞ்சள் வரிகளைத்தான் முதலாளி மதிவாணன் போன வருடம் அணைக்கச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர்கள் வந்து திரையைப் பார்க்கிறார்கள், மஞ்சளாக ஓடினால் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள், வியாபாரத்துக்கு நல்லதில்லை என்றார். டெல்பின் சண்டை போட்டுப் பார்த்தாள். அடுக்குகளின் வரிசையை நம்பாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதலாம், மொழியிலேயே அதற்கு வழி இருக்கிறது என்றும் சொன்னாள். ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் இப்போது மஞ்சள் எச்சரிக்கையைத் திருப்பிப் போட்டாள். திரை முழுக்க வழிந்தது. மேலே ஏற்றிக்கொண்டே போனவள் ஒரு பெயரில் நின்றாள். அது அவள் குடியிருக்கும் கட்டடம்.

சாந்தோமில் கடலை ஒட்டிய தெருவில் அவளுக்கும் கணவர் பவுல்சாமிக்கும் நாலாவது மாடியில் வீடு. பவுல்சாமி பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை ஊதி ஊரையே ஓடவைத்தவர், இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து பால்கனி வரைக்கும் நடக்கிறார். மழைக்காலத்தில் கட்டடத்தின் பழைய லிஃப்ட் போர்டு புகைந்து போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சப்பரத்துல மாதா போற மாதிரி கீது சார்" என்று வாட்ச்மேன் சேட்டு சொல்லப்போக, அன்றிலிருந்து பவுல்சாமி இனி யார் தூக்கியும் இறங்குவதில்லை, லிஃப்ட் வந்தால்தான் இறங்குவது என்று மேலேயே இருந்துவிட்டார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

புது போர்டு தன் கம்பெனியிலிருந்தே வரட்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் டெல்பின்தான். போர்டு அடுத்த வாரம்தான் மாட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் திருத்திவிடலாம் என்று மூச்சை விட்டாள்.

இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்று சோதனை மேஜையில் சாந்தோம் கட்டடத்தின் ஸ்ட்ரக்சரை ஏற்றினாள். மேஜையில் பிளைவுட்டில் செய்த சின்னக் கதவு ஒன்று மோட்டாரோடு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அது ஒழுங்காகத் திறந்தது. முழுக்கத் திறந்த அந்த நொடியிலேயே, போன வேகத்தில் திரும்பி வந்து சாத்திக்கொண்டது. சாய்நாத் மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே.

"அங்க கதவுல சென்சார் கண்ணு இருக்குமே மேடம். ஆள் நின்னா மூடாதே."

கண் இருந்தது. கடற்காற்றில் உப்புப் படிந்து அது சும்மாச் சும்மா கதவைத் திறக்கிறது, ராத்திரியில் பூதம் ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று இரண்டாவது மாடிக்காரர்கள் சண்டை பிடித்து, சங்கத்தில் தீர்மானம் போட்டு அதைக் கழற்றியாகிவிட்டது. அதைச் சாய்நாத்துக்குச் சொல்லக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. நேரே மதிவாணனின் அறைக்குப் போனாள்.

மதிவாணன் வடசென்னையில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் காலத்தைக் கழித்துவிட்டு வந்தவர். நல்லவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் வண்டியைக் கொடுத்தனுப்புவார். நிரல் என்றால் மட்டும் வளையல் கடைக்காரருக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். அவள் அவசரமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோயம்புத்தூர் கன்சல்டன்ட் இதே விஷயத்தைப் போன மாதமே கேட்டிருந்தாரே என்று அவரே எடுத்துக்கொடுத்தார். வெளியாரை வைத்து நிரலைப் பரிசோதிக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கன்சல்டன்ட் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாராம்: ஸ்ட்ரக்சர்ஸ் பார்ஷியலி இனிஷியலைஸ்டு.

டெல்பினுக்கு உயிர் வந்தது. "அதேதான் சார். பாதி அடுக்குதான் நிரப்பியிருக்கோம்னு சொல்றார். அவருக்கு என்ன பதில் போட்டீங்க?"

"அது அப்பவே முடிஞ்சுபோச்சும்மா. நீங்ககூடப் போட்டீங்களே."

"நான் என்ன சார் போட்டேன்?"

"இனிஷியல்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது, ஈரச் சுவரில் கறை பரவுகிற மாதிரி. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கட்டு வரைபடம் அவள் மேஜைக்கு வந்தது. லிஃப்ட் கூண்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் வரைபடங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சின்னக் கையெழுத்து போடச் சொல்லி ஜானு நின்றாள். மதிவாணனின் பழைய தொழிற்சாலைப் பழக்கம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவளும் டெ.ப., டெ.ப. என்று போட்டுத் தள்ளினாள். வரைபடப் பிரிவில் காலம் தள்ளிய மனுஷனுக்கு ஸ்ட்ரக்சர் என்றால் இரும்புச் சட்டம். திருத்தம் செய்த தாளில் திருத்தியவன் இனிஷியல் போட வேண்டும், போடாவிட்டால் மெமோ. பாதித் தாளில் இனிஷியல் இல்லை என்று கோயம்புத்தூர்க்காரர் குறை சொல்லியிருப்பதாக எடுத்துக்கொண்டு, அலமாரியில் இருந்த அத்தனை வரைபடத்தையும் இறக்கி, ஒரு தாள் விடாமல் போடவைத்திருக்கிறார்.

"சார், அது இந்த இனிஷியல் இல்ல. இனிஷியலைஸ்னா ஆரம்பத்துல மதிப்புப் போடறது."

"ஆரம்பத்துலதாம்மா போட்டோம். மொதல் பக்கத்துலேர்ந்தே."

டெல்பின் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, எதையாவது எடுத்து வீசலாம் போலவும் இருந்தது. அப்படியானால் கன்சல்டன்ட் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டாள். எல்லா ஸ்ட்ரக்சரும் முழுமையாக இனிஷியலைஸ் செய்யப்பட்டுவிட்டன என்று மதிவாணன் ஆங்கிலத்தில் நல்லபடியாக எழுதி அனுப்பினாராம். கன்சல்டன்டும் மகிழ்ச்சி, நன்றி என்று பதில் போட்டுக் கேள்வியை மூடிவிட்டாராம். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அந்த வாக்கியத்தில் என்ன தப்பு தெரியும்?

"சரி சார். சாந்தோம் போர்டு போகக் கூடாது. இன்னிக்கே திருத்திடறேன்."

மதிவாணன் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு இருந்தது. "அது காலையிலேயே போயிடுச்சும்மா. கேள்விதான் க்ளோஸ் ஆயிடுச்சேன்னு டில்லிபாபுகிட்ட குடுத்தனுப்பிட்டேன். பவுல்சாமி சார் மாசக்கணக்கா மேலயே கெடக்கறாரேன்னு நான்தான் முந்திக்கிட்டேன். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

அவரைத் திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார். டெல்பின் அந்த அறையிலேயே நின்று டில்லிபாபுவைக் கூப்பிட்டாள். டில்லிபாபு போர்டு மாட்டும் ஃபிட்டர். கைராசிக்காரன் என்று பெயர். இரண்டாவது தடவையில் எடுத்தான்.

"சொல்லு மேடம். உங்க லிஃப்டு முடிஞ்சிச்சு. மூணு தபா ஏத்தி எறக்கிப் பாத்தாச்சு, சும்மா வழுக்கிகினு போவுது."

"டில்லி, கதவு? கதவு எப்படி இருக்கு?"

"கதவு இன்னா ஸ்பீடுன்ற. பழசு மாரி தூங்கி வழியல. நா உள்ள பூந்தேன், பின்னாலயே வந்து முதுவுல ஒரு தட்டு தட்டுச்சு. புது போர்டுன்னா சும்மாவா."

பவுல்சாமி பார்த்தாரா என்று கேட்டாள்.

"சார்தான் வாக்கர வச்சிகினு வாசல்லயே நின்னாரே. நாலு மணிக்கு எறங்கப் போறேன் டில்லி, எறங்கி நேரா கடல்தான்னு குஷியா கீறாரு."

திரும்பிப் போய் மெயினை அணைக்கச் சொன்னாள். டில்லிபாபு இப்போது ராயப்பேட்டையில் இருந்தான். அங்கே ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே எடுத்துவிட்டு உடனே ஓடுகிறேன் என்றான். அவர்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போ என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

மூன்றரை தாண்டியிருந்தது. டெல்பின் பவுல்சாமியைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார், காத்திருக்கவும் என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சேட்டுவின் எண்ணுக்குப் போட்டால், அதற்கு அழைப்பே போகாது என்று வந்தது. ரீசார்ஜ் செய்திருக்க மாட்டான். சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் எடுத்தார். ஆனால் அவர் தி. நகரில் ஜவுளிக் கடையில் இருந்தார், பின்னால் புடவை விலை சொல்லும் சத்தம் கேட்டது. அவள் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், கதவு சீக்கிரம் மூடினால் கரண்ட் மிச்சம்தானே என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இப்போதுதானே ஓட ஆரம்பித்தது, அதற்குள் நிறுத்துவதென்றால் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தார். உங்கள் வீட்டம்மாவை மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள் என்றாள். வீட்டம்மாவும் ஜவுளிக் கடையில்தான் இருந்தாள்.

ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறினாள். துரைசாமி சப்வேயில் அது இறங்கி ஏறுவதற்கே ஒரு யுகம் ஆனது. அதற்கப்புறம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலை, பச்சைத் தகரத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் இன்னொரு தடுப்பு. நேற்றுத் திறந்திருந்த வழி இன்றைக்கு மூடியிருந்தது. ஆட்டோக்காரர் திரும்பி, எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதிதாம்மா என்றார். யாரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை, முழுசாகக் கேட்பதுமில்லை, மீதியை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்றே ஊர் மொத்தமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பைலராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. பூஜ்யம் போடுகிறேன் என்றால் போட்டுவிடுகிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வது மனுஷர்கள்தான்.

ஆழ்வார்பேட்டை தாண்டும்போது போன் அடித்தது. பவுல்சாமி என்று நினைத்து எடுத்தாள். மகன் ரொனால்ட், மெல்பர்னிலிருந்து. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, பாத்ரூமில் ரப்பர் விரிப்பு போட்டாயா என்று கேட்டு உயிரை எடுப்பவன். இன்றைக்குக் குரலில் சந்தோஷம் இருந்தது.

"அம்மா, லிஃப்ட் வந்துடுச்சாமே. இவ்ளோ நேரம் அப்பாகூடத்தான் பேசிட்டிருந்தேன். இப்பதான் வச்சாரு."

"எங்க இருக்காரு இப்ப?"

"கிளம்பிட்டாரும்மா. ஷூ போட்டாச்சு, கதவைப் பூட்டப் போறேன்னாரு. நான் கண்டிஷனா சொல்லிட்டேன், நடக்கும்போது போன் அடிச்சா எடுக்கவே கூடாது, ரெண்டு கையும் வாக்கர்லதான் இருக்கணும்னு. சத்தியம் பண்ணிருக்காரு. நீ ஏம்மா ஒரு மாதிரி பேசுற? என்னாச்சு?"

அவனுக்கு என்னவென்று சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது. "அப்புறம் பேசறேன்டா" என்று துண்டித்துவிட்டுப் பவுல்சாமியின் எண்ணை அழுத்தினாள்.

இந்தத் தடவை மணி போனது. வீட்டு வாசலிலிருந்து லிஃப்ட்டுக்கு வாக்கரில் அதிக தூரமில்லை. சட்டைப் பையில்தான் வைத்திருப்பார், சத்தம் கேட்காமல் இருக்காது. எடுங்க, ஒரே ஒரு தடவை சத்தியத்தை மீறுங்க என்று அவள் வாய்விட்டே சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். நடுவில் ரொனால்ட் மறுபடி மறுபடி கூப்பிட்டதில் காதுக்குள் விட்டுவிட்டு ஒரு பீப் சத்தம் வந்தது. லஸ் முனையில் போலீஸ்காரர் கையை நீட்டினார், வண்டிகள் எல்லாம் நின்றன.

மணி முழுக்கப் போய்த் தானாக நின்றது. அவள் மறுபடி அழுத்தினாள். போய்க்கொண்டிருந்தது.